நாற்பது மடங்கு

லவ்ரென்டி அனுப்பிய கோப்பில்
முக்கால் நொடிதான் பனிக்கட்டி பிளக்கிறது.
மீதிப் பதினோரு நிமிடமும்
பெய்புஸ் ஏரி தன் அடிவயிற்றைக்
காட்டாமல் படுத்திருக்கிறது.

முக்கால் நொடியை முப்பது நொடியாக்க வேண்டும்.
சுருதி இறங்கக் கூடாது.
மாவு இழுபட வேண்டும்,
உப்பு குறையக் கூடாது.

தார்த்துவில் இரவு பதினொன்று.
ஆய்வகத்தில் வெப்பமூட்டியும் நானும்.
கறுப்புத் திரையில் ஒரே வரி:
நிரலின் பெயர், எத்தனை மடங்கு,
உள்ளே போகும் கோப்பு, வெளியே வரும் கோப்பு.
பொத்தான் இல்லை, படம் இல்லை,
'நிச்சயமாகவா?' என்று கேட்க ஆளில்லை.

எட்டு மடங்குக்கு இழுபட்டது.
ஆனால் மட்டமான தையல் போல
சீரான இடைவெளியில் ஒரு டிக்.
நாற்பது மடங்குக்குச்
செத்துப்போனது.
'நினைவக எல்லை மீறல்'
என்று மட்டும் எழுதிவைத்துவிட்டு.
கீழே கர்சர்,
தனக்கு எதுவும் தெரியாது என்று
கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

பிழைதிருத்தியைக் கூப்பிட்டேன்.
எண்ணூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நில் என்றேன்,
நின்றது.
ஓர் அடி வை என்றேன், வைத்தது.
கையில் என்ன, காட்டு என்றேன்,
காட்டியது: எண்கள், குளித்துத் தலைவாரிய எண்கள்.
சரி, ஓடு என்றேன்.
முப்பது நொடியையும் முழுசாக முடித்துவிட்டு
வணக்கம் சொல்லாத குறையாக வந்து நின்றது.

ஆள் பார்க்கும்போது நல்ல பிள்ளை.
காவலை எடுத்தேன்.
உடனே செத்தது.

இரண்டரை மணி.
வழிநெடுக அச்சிடும் வரிகளை நட்டேன்:
'இங்கே வந்தேன்'
'இங்கேயும் வந்தேன்'
'இங்கே வந்தேன், எண்ணி 4096'
அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற வீட்டில்
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு அறைகள்.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு என்று
எண் போட்ட அறை கிடையாது.
அந்த இல்லாத கதவை
ஒவ்வொரு சுற்றிலும் தட்டியிருக்கிறது என் நிரல்.
டிக்.
'சிறியது' என்று இருக்க வேண்டிய இடத்தில்
'சிறியது அல்லது சமம்'.
சமம் என்கிற அந்த இரண்டு கோடு.

எவன் எழுதினான் என்று
வரலாற்றைப் புரட்டும் கட்டளையைத் தட்டினேன்.
மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச் ஒன்பது,
அதிகாலை நாலு பத்து,
மெரிகே கூஸ்க்.
நான்தான்.
பக்கத்திலேயே ஒரு குறிப்பும் விட்டிருக்கிறேன்:
'இது சரியாக இருக்கிறது. தயவுசெய்து தொடாதீர்கள்.'

தொட்டேன்.
ஓர் எழுத்து குறைந்தது.

நாற்பது மடங்கு. காதில் மாட்டினேன்.

பனிப்பாளத்தில் கீச்சுக்குத்தான் கால் அதிகம்,
கனத்த ஒலி பின்னால் நடந்து வரும்.
கரையில் நிற்பவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே 'ப்யூ'.
இன்று ஒவ்வொன்றாக வந்தன:
ஊசி,
அப்புறம் கம்பி,
அப்புறம் தண்டவாளம்,
கடைசியில், திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்காத
ஏதோ ஒரு பெரிய கதவு.

அதற்கு நடுவில்
டக்.
டக்... டக்.
டக்.

அட, சனியனே.

சீராக இல்லை, அதனால் அது பழைய டிக் இல்லை.
மறுபடி நிறுத்தினேன், மறுபடி அடி அடியாய் நடத்தினேன்,
ஒவ்வொரு எண்ணையும் கூண்டில் ஏற்றிக் கேட்டேன்.
என் நிரல் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தது.
வழக்கம்போல் நான் நம்பவில்லை.

ஏழு மணிக்குக் கோல்கியாவுக்கு ஃபோன் போட்டேன்.
எஸ்தோனிய மொழியில் கேட்டேன்,
லவ்ரென்டி ரஷ்ய மொழியில் சிரித்தார்.
'மைனஸ் இருபத்துநாலு.
ஒரு கையில் துளைக்கோல், மறு கையில் விளக்கு.
உன் ஒலிவாங்கியின் ஒயரை
நான் வேறு எதால் பிடிப்பேன்?
பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன்.'

பிழைப்பட்டியலில் காலையில் நானே சேர்த்த வரியைத் திறந்து
'பிழை அல்ல' என்று எழுதி மூடினேன்.
பிறகு இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன்,
இந்தத் தடவை பற்களுக்காக.
முன்னால் ஒன்று ஆடுகிறது போலிருக்கிறது.